ஜெனெட்டிக் கவுன்சிலருக்கு பிஎச்டி எதற்கு?

அமெரிக்காவில் ஜெனெட்டிக் கவுன்சிலராக, அதாவது பரம்பரை நோய்களையும் மரபணுச் சோதனைகளையும் பற்றிக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்பவராக, இருக்கும் யாரையும் நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள்: "எம்.எஸ். முடிச்சாச்சு, அடுத்து பிஎச்டியா?" மேலே படித்தால்தான் மேலே போக முடியும் என்பது நம் கணக்கு. இந்தத் தொழிலில் அந்தக் கணக்கு சரிவராது. இரண்டு வருட முதுகலைப் பட்டம், அதன்பின் ஒரு தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் ஓர் உரிமம். நோயாளியைப் பார்க்க இவ்வளவு போதும். அதற்கு மேல் எத்தனை பட்டம் வாங்கினாலும், ஆலோசனை அறையில் அவருக்குள்ள அதிகாரம் துளியும் கூடுவதில்லை.

ஆனாலும் சில வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படிப்பு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று தெரிய வேண்டுமானால், இந்தத் தொழில் முதுகலைப் பட்டத்தோடு ஏன் நின்றது என்பதில் தொடங்க வேண்டும்.

1947-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டைட் நிறுவனத்தில் இருந்த ஷெல்டன் ரீட்தான் 'ஜெனெடிக் கவுன்சிலிங்' என்ற பெயரை வைத்தவர். அந்த நிறுவனத்தின் பூர்வீகம் அவ்வளவு நல்லதல்ல. 'தகுதியானவர்கள்' மட்டும் பிள்ளை பெற வேண்டும் என்று பேசித் திரிந்த ஒருவர் எழுதிவைத்த சொத்தில் உருவானது அது. ரீட் அந்தப் பாதையை விட்டு விலகினார். பரம்பரை நோய் உள்ள குடும்பத்துக்குத் தகவலைச் சொல்லி, முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும், இது ஒருவகைச் சமூகப்பணி என்றார். அப்போது இந்த வேலையைச் செய்தவர்கள் மருத்துவர்களும் பிஎச்டி முடித்த மரபியலாளர்களும்தான்.

மாற்றம் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்தது. நியூயார்க் நகருக்கு வடக்கே பிராங்க்ஸ்வில்லில் உள்ள சாரா லாரன்ஸ் கல்லூரியில் மெலிசா ரிக்டர் 1969-இல் ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். கல்யாணம், குழந்தைகள் என்று படிப்பை விட்ட பெண்கள் திரும்பவும் படிக்க வருவதற்கான பிரிவை அந்தக் கல்லூரியில் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். அறிவியல் படித்த, வீட்டோடு இருக்கும் பெண்கள் பகுதிநேரமாகப் படித்து ஒரு மருத்துவமனை வேலைக்குப் போக வழி வேண்டும் என்பது அவர் யோசனை. முதல் மாணவிகள் 1971-இல் பட்டம் பெற்றார்கள். சிறிது காலத்திலேயே பொறுப்புக்கு வந்த ஜோன் மார்க்ஸ் உளநலச் சமூகப்பணிப் பின்னணி கொண்டவர். பாடத்திட்டத்தில் மரபியலுக்குச் சமமாக மனிதரோடு பேசும் கலைக்கும் இடம் கொடுத்தார். ஆக, 'இரண்டு வருட முதுகலை' என்ற அளவு ஏதோ ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து தீர்மானித்ததல்ல. அந்தக் காலத்துப் பெண்களின் வாழ்க்கைக்குள் அடங்கும்படி அமைந்த அளவு அது. இன்றுவரை இத்தொழிலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்களே.

அப்புறம் நடந்ததுதான் பட்டத்தின் விலையை எல்லோருக்கும் புரியவைத்தது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவ மரபியல் வாரியம் உருவானபோது, மருத்துவர், பிஎச்டிக்காரர், முதுகலை முடித்த கவுன்சிலர் என மூன்று தரப்புக்கும் அதே வாரியம்தான் சான்றிதழ் கொடுத்தது. 1991-இல் அந்த வாரியம் அமெரிக்க மருத்துவச் சிறப்புத்துறை வாரியங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தது. மருத்துவ மரபியல் ஒரு முழுச் சிறப்புத்துறை என்ற அங்கீகாரம் கிடைத்தது பெரிய வெற்றிதான். ஆனால் முனைவர் நிலைப் பட்டம் இல்லாதவர்களுக்குச் சான்றிதழ் தரும் வாரியத்தைக் கூட்டமைப்பு ஏற்காது. கவுன்சிலர்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. 1993-இல் அவர்கள் தங்களுக்கென அமெரிக்க ஜெனெட்டிக் கவுன்சிலிங் வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். ஏபிஜிசி என்று சொல்லப்படுவது அதுதான். வெளியேற்றம் என்று பார்த்தால் கசப்பு. ஆனால் தங்கள் தேர்வு, தங்கள் தரம், தங்கள் பாடத்திட்டம் எல்லாவற்றையும் தாங்களே முடிவுசெய்யும் நிலை வந்ததும் அதனால்தான். தொழிலுக்கு அது நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம்.

சரி, அந்த இரண்டு வருடத்தில் என்ன இருக்கிறது? வகுப்புகள், ஓர் ஆய்வுத்திட்டம், அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி. பயிற்சிதான் முதுகெலும்பு. குறைந்தது 50 நோயாளிகளிடமாவது மாணவர் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும். ஓரமாக உட்கார்ந்து பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. முதலில் கையில் படிவது மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. கணவன் மனைவியை இணைக்கும் கோடு ஒற்றை. அவர்கள் இரத்த உறவென்றால் இரட்டைக் கோடு. அமெரிக்க மாணவர்கள் பலர் இந்த இரட்டைக் கோட்டைத் தேர்வுக்காக மட்டும் கற்றுக்கொள்கிறார்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டிய ஒரு தமிழ்க் குடும்பம் எதிரே வந்து உட்காரும்போது அது நிஜமாகிறது. அங்கே மாணவர் தடுமாறுவது மரபியலில் அல்ல. எந்தத் தம்பதிக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறை வர ஏறத்தாழ மூன்று சதவீத வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் என்றால் அதோடு இரண்டு மூன்று சதவீதம் கூடும். இந்த எண்ணை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். 'தப்பு செய்துவிட்டோமா' என்ற கேள்வி முகத்தில் தெரிய உட்கார்ந்திருப்பவரிடம் அந்த எண்ணை எந்த வார்த்தையில் சொல்வது என்பதற்குத்தான் மேற்பார்வையாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்.

இந்தப் படிப்புக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. 2018 முதல் சேர்க்கை, மருத்துவ மேற்படிப்பில் இருப்பது போன்ற 'மேட்ச்' முறையில் நடக்கிறது: மாணவர் கல்லூரிகளை வரிசைப்படுத்துவார், கல்லூரிகள் மாணவர்களை வரிசைப்படுத்தும், கணினி பொருத்தும். எங்கும் பொருந்தாமல் அடுத்த வருடம் மறுபடி முயல்பவர்கள் நிறைய. படிப்பு முடிந்ததும் ஏபிஜிசி தேர்வு. 200 கேள்விகள், நான்கு மணிநேரம். தேறினால் பெயருக்குப் பின்னால் சிஜிசி (சான்றிதழ் பெற்ற ஜெனெட்டிக் கவுன்சிலர்). ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, தொடர்கல்வி மணிநேரங்களைக் காட்டி அதைப் புதுப்பிக்க வேண்டும். 'மேற்படிப்பு' என்று ஒரு கவுன்சிலர் கட்டாயம் செய்ய வேண்டியது இந்தத் தொடர்கல்வி மட்டும்தான்.

அப்படியானால் முனைவர் பட்டத்தையே நுழைவுப் பட்டம் ஆக்கிவிடலாமே என்ற பேச்சு 2010-களின் தொடக்கத்தில் சூடுபிடித்தது. பக்கத்துத் தொழில்கள் எல்லாம் அப்படித்தான் நகர்ந்திருந்தன. மருந்தாளுநர்களுக்கு ஃபார்ம்.டி., உடலியக்கச் சிகிச்சையாளர்களுக்கு டிபிடி, செவித்திறன் வல்லுநர்களுக்கு ஏயுடி என்று அமெரிக்காவில் எல்லாம் 'டாக்டர்' பட்டங்களாகிவிட்டன. கவுன்சிலர்களின் தேசியச் சங்கமும் மற்ற அமைப்புகளும் பணிக்குழு அமைத்து இரண்டு வருடம்போல ஆராய்ந்தன. ஆதரித்தவர்கள் சொன்னது: மருத்துவமனையில் மதிப்பு கூடும், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி கிடைக்கும், காப்பீட்டுக்காரர்கள் கண்டுகொள்வார்கள். எதிர்த்தவர்கள் சொன்னது: படிப்புச் செலவு ஏறும், வசதி குறைந்தவர்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் ஏற்கெனவே குறைவாக வரும் தொழில் இன்னும் குறுகும், ஆளே பற்றாத நேரத்தில் புதியவர்கள் வருவது தாமதமாகும், நோயாளிக்கு இதனால் பலன் என்பதற்கு ஆதாரம் இல்லை. கடைசியில் 'வேண்டாம்' என்றே முடிவானது. முதுகலைதான் நுழைவுப் பட்டம், தொழில் செய்ய அதுவே போதுமான பட்டம்.

அந்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது. ஆதரவாளர்கள் சொன்ன காரணங்களில் காப்பீடுதான் கனமானது. அதைப் பட்டம் தீர்த்திருக்காது. முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், சேவைக்குத் தானே கட்டணம் கேட்டுப் பெறத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில் ஜெனெட்டிக் கவுன்சிலரைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்ற மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது, திரும்பத் திரும்பக் காலாவதியாகிறது. சட்டத்தில் ஒரு வரி மாற வேண்டிய விஷயம் அது. முனைவர் பட்டம் பெற்ற கவுன்சிலர் அதே அறையில் அதே வேலையைச் செய்தாலும் மெடிகேருக்கு அவர் இன்னும் பட்டியலில் இல்லாதவர்தான்.

முனைவர் பட்டம் இல்லாமல் நுழையவே முடியாத இடங்களும் உண்டு. முதலாவது, பரிசோதனைக்கூட இயக்குநர் பதவி. கவுன்சிலர்களில் கணிசமானோர் இப்போது நோயாளியைப் பார்க்காமல் மரபணுச் சோதனைக் கூடங்களில் வேலை செய்கிறார்கள். அங்கே ஒருவரின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் பிஆர்சிஏ2 மரபணுவில் (இது பழுதானால் அந்தப் புற்றுநோய்க்கான அபாயம் கூடும்) ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் பொதுமக்களின் தரவுத்தளத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது, மற்ற கூடங்கள் அதை என்னவென்று பதிந்திருக்கின்றன, குடும்பத்தில் நோய் வந்தவர்களிடமெல்லாம் அது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஆதாரங்களை எடைபோட்டு, 2015-இல் வெளிவந்த வழிகாட்டுதலின்படி ஐந்து படிகளில் ஒன்றில் வைக்க வேண்டும்: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, தெரியாது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. தெற்காசியர்களின் மரபணுத் தரவு உலகத் தரவுத்தளங்களில் குறைவு என்பதால் நம்மவர்களுக்கு அந்த நடுப்படியான 'தெரியாது' அதிகமாக வரும். தேடுவது, எடைபோடுவது, அறிக்கையின் வரைவை எழுதுவது, மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு 'இதை வைத்து அறுவைசிகிச்சை முடிவு எடுத்துவிடாதீர்கள்' என்று சொல்வது, எல்லாம் கவுன்சிலர் செய்வார். அறிக்கையின் கடைசியில் கையெழுத்து அவருடையதல்ல. அது இயக்குநருடையது. அந்த இடத்துக்கு வர எம்.டி. அல்லது பிஎச்டி வேண்டும், அதற்கு மேல் ஆய்வக மரபியலில் ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சியை முடித்து மருத்துவ மரபியல் வாரியத்தின் தேர்வில் தேற வேண்டும். 1990-களில் கவுன்சிலர்களை வெளியே விட்ட அதே வாரியம்.

இரண்டாவது, ஆய்வு. கவுன்சிலர் ஒருவர் நல்ல ஆய்வுக் கேள்வியோடு வந்தாலும், அரசின் பெரிய ஆய்வு நிதிக்கு முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கும்போது முனைவர் பட்டம் இல்லாவிட்டால் நடைமுறையில் பெயர் இரண்டாம் வரிசைக்குப் போய்விடும். ஜேன் ஏங்கல்பெர்க் நினைவு நிதி மாதிரி கவுன்சிலர்களுக்கென்றே இருக்கும் ஆய்வு உதவிகள் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுசெய்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் தேசிய மனித ஜீனோம் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு ஆய்வேட்டுக்கு நிறைய நேரம் ஒதுக்கும். ஆய்வில் ஆசை இருந்து, பிஎச்டி செய்ய மனமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தப் பெயரைத்தான்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவி. ஜெனெட்டிக் கவுன்சிலிங் படிப்பு ஒன்றுக்கு இயக்குநராக இருக்க முதுகலை போதும், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வுக் குழுவுக்கு இத்தொழிலின் மரபு தெரியாது, அவர்கள் முனைவர் பட்டத்தைத்தான் தேடுவார்கள்.

இதில் ஆசையுள்ளவர் எந்தத் துறையில் பிஎச்டி செய்வது? 'ஜெனெட்டிக் கவுன்சிலிங்கில் பிஎச்டி' என்ற பெயரே அமெரிக்காவில் அபூர்வம். மனித மரபியல், பொதுச் சுகாதாரம், உளவியல், மருத்துவச் சேவை ஆய்வு, உயிர்நெறியியல் (மருத்துவ அறநெறி) என்று சுற்றிவரத்தான் வேண்டும். இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. நோயாளிகள் சோதனை முடிவை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய விரும்புபவருக்கு உளவியல் துறையில் கிடைக்கும் ஆய்வுமுறைப் பயிற்சி மரபியல் துறையில் கிடைக்காது. நாலைந்து வருடம் வேலை பார்த்து, 'இந்த ஒரு கேள்விக்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லையே' என்ற எரிச்சல் வந்தபிறகு போகிறவர்கள்தான் பிஎச்டியை ஒழுங்காக முடிக்கிறார்கள். முதுகலை முடித்த கையோடு 'இருக்கட்டுமே' என்று சேர்பவர்களுக்குக் கேள்வியே இருக்காது.

பணக்கணக்கும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின்படி 2023 மே மாதத்தில் கவுன்சிலரின் நடுமட்டச் சம்பளம் வருடத்துக்கு 95,770 டாலர். முழுநேர பிஎச்டி என்றால் அதை விட்டுவிட்டு நாலைந்து வருடம் சொற்ப உதவித்தொகையில் இருக்க வேண்டும். முதுகலைக் கடனே பலருக்கு முடிந்திருக்காது. மருத்துவமனை வேலையில் திரும்பி வந்து சேர்ந்தால் அந்த இழப்பு சம்பளத்தில் திரும்ப வராது.

மற்ற பட்டங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச்., பிறந்த குழந்தைகளின் பரிசோதனைத் திட்டங்களில், அரசுத் துறைகளில் வேலை செய்ய நினைப்பவருக்கு உண்மையிலேயே உதவும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் கவுன்சிலிங்கையும் அதையும் சேர்த்தே தருகிறது. உயிர்நெறியியல் பட்டம் மருத்துவமனையின் நெறிக்குழுவில் உட்கார ஆசைப்படுபவருக்கு. எம்.பி.ஏ.வை நிறுவனம் பணம் கட்டினால் படிக்கலாம், கைக்காசைப் போட வேண்டாம். புற்றுநோய்ப் பிரிவில் ஆழமாகப் போக விரும்பினால் பட்டமே தேவையில்லை. கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை பல வருடங்களாக நடத்திவரும் தீவிரப் பயிற்சி போன்றவை சில மாதத்தில் முடிந்துவிடும்.

பட்டம் வாங்காமலேயே வேலை மாறிச் சம்பளம் ஏறுவதும் இந்தத் தொழிலில் சகஜம். 2011-இல் தாயின் இரத்தத்தை மட்டும் வைத்துக் கருவைச் சோதிக்கும் முறை சந்தைக்கு வந்தது. 2013-இல் மனித மரபணுவை அப்படியே காப்புரிமை செய்ய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் பிஆர்சிஏ சோதனையில் பல நிறுவனங்கள் குதித்தன. மருத்துவமனைகளிலிருந்து கவுன்சிலர்களை அந்த நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போயின. ஆனால் அந்த அலை இறங்கவும் செய்யும். பெரிய சோதனை நிறுவனங்களில் ஒன்றான இன்விட்டே 2024 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்து, பிறகு லேப்கார்ப்பிடம் கைமாறியது. அதைப் பார்த்தபின் 'இன்னொரு பட்டம் இருந்தால் பத்திரம்' என்று நினைப்பவர்களைக் குறைசொல்ல முடியாது.

பிரிட்டனிலும் முதுகலைதான் அடிப்படை. மான்செஸ்டரில் 1992-இலும் கார்டிஃபில் 2000-லும் படிப்புகள் தொடங்கின. இப்போது அரசு மருத்துவச் சேவையே சம்பளம் கொடுத்து மூன்று வருடம் பயிற்சி தரும் திட்டமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் முதுகலை முடித்து வேலையில் இருந்தபடியே அங்குள்ள மரபியல் சங்கத்தின் சான்றிதழுக்கு உழைக்க வேண்டும்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கே பலர் முதலில் மனித மரபியலில் பிஎச்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் கவுன்சிலிங் கற்றுக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, கோவை பாரதியார் பல்கலைக்கழகம் என்று மரபியல் படிக்க இடங்கள் உண்டு. அவற்றின் சாய்வு பெரும்பாலும் ஆய்வகத்தின் பக்கம். குரோமோசோம் படம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் நிறையப் பேர், எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தோடு ஒரு மணிநேரம் பேசப் பயிற்சி பெற்றவர் குறைவு. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மரபணு ஆலோசனை மையம்' என்று ஒரு வகையே இருக்கிறது. அதை நடத்த அச்சட்டத்தின் விதிகள் கேட்கும் தகுதி: மருத்துவ மரபியலாளர், அல்லது ஆறு மாத அனுபவமோ நான்கு வாரப் பயிற்சியோ உள்ள மகப்பேறு மருத்துவர் அல்லது குழந்தை மருத்துவர். இரண்டு வருடம் இதையே படித்த ஜெனெட்டிக் கவுன்சிலரின் பெயர் அந்த வரியில் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் தமிழ்நாடு. இரட்டைக் கோடு போடத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமிருக்காது, பதவிக்குத்தான் பஞ்சம்.

இங்கே பிஎச்டி முடித்துவிட்டு அமெரிக்காவில் ஜெனெட்டிக் கவுன்சிலர் ஆக நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏபிஜிசி தேர்வு எழுத, அமெரிக்காவிலோ கனடாவிலோ அங்கீகாரம் பெற்ற அந்த முதுகலைப் படிப்பை முடித்திருக்க வேண்டும். முனைவர் பட்டம் அதற்கு ஈடாகாது. மேட்ச் வரிசையில் நின்று, எம்.எஸ்.ஸின் முதல் பருவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.